அவன் பேரு இன்னாடா?

கேள்வி: நாங்கள் எர்ணாவூரில் இருக்கிறோம். என் மகன் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறான். வீட்டில் அமைதியான பையன். தண்ணி லாரி வந்தால் குடம் தூக்கித் தருவான், ஆயாவுக்கு வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பான். போன வாரம் எச்.எம். கூப்பிட்டு அனுப்பினார். இவனும் இன்னும் நாலு பையன்களும் சேர்ந்து, கூடப் படிக்கிற ஒரு பீகார் பையனை ஆறு மாதமாக ஓட்டியிருக்கிறார்கள். 'பானிபூரி' என்று பட்டப்பெயர். செருப்பை ஒளித்து வைப்பது, சட்டை முதுகில் சாக்பீஸால் எழுதுவது. கடைசியில் அவனை பெஞ்சு மேல் நிற்க வைத்து 'வாழைப்பழம்' சொல்லச் சொல்லி, அவனுக்கு வராததைச் செல்போனில் வீடியோ எடுத்து, பாட்டுப் போட்டு, வாட்ஸ்அப் குரூப்பில் விட்டிருக்கிறார்கள். "டேய், வாயப்பயம்கூட சொல்லத் தெர்ல பார்றா" என்று அதில் சிரிக்கிற குரல் என் மகனுடையது. அந்தப் பையன் நாலு நாளாகப் பள்ளிக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் துடைப்பக்கட்டையால் அடித்தேன். அழுதான். "சும்மா ஜாலிக்குத்தாம்மா" என்கிறான். அவன் அப்பா, "பசங்க வெளையாட்டு, இதுக்குப் போயி அடிப்பியா" என்று என்னைத் திட்டினார். அவர் மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர். இரண்டு வருஷம் முன்பு காண்ட்ராக்டர் வடக்கத்தி ஆட்களை வைத்துக்கொண்டு இவரை நிறுத்திவிட்டான். சாப்பிட உட்கார்ந்தால் இன்னும் அதே பேச்சுதான். என் மாமியார் மட்டும் எதுவும் பேசவில்லை. அவர் சின்னப் பெண்ணாக ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவர். அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

என் மகன் ஏன் இப்படிச் செய்தான்? என் வளர்ப்பு தப்பா? போலீஸ் கேஸ் ஆகுமா?

(பெயர் வேண்டாம், எர்ணாவூர்)

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதம் மூன்று பக்கம்; இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். அந்த மூன்று பக்கத்தில் உங்கள் மகன் இருக்கிறான், கணவர் இருக்கிறார், மாமியார், எச்.எம்., காண்ட்ராக்டர் எல்லோரும் இருக்கிறார்கள். அந்தப் பையனின் பெயர் மட்டும் ஓரிடத்திலும் இல்லை. குறையாகச் சொல்லவில்லை. உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எச்.எம். அறையிலேயே 'அந்த நார்த் பையன்' என்றுதான் பேசியிருப்பார்கள்.

இன்று ராத்திரி மகனிடம் அடிக்காமல், அழவைக்காமல், ஒன்றே ஒன்று கேளுங்கள். "அவன் பேரு இன்னாடா?" தினமும் அட்டெண்டன்ஸ் எடுக்கிறார்கள். ஆறு மாதமாகக் காதில் விழுகிற பெயர். சட்டென்று சொல்கிறானா, தடுமாறுகிறானா என்று பாருங்கள். தடுமாறினால், நான் கீழே எழுதியிருக்கிறதெல்லாம் உங்களுக்குப் பாதி புரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

போலீஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அந்தப் பயம் இருக்கும்வரை மீதி எதுவும் உங்கள் மண்டையில் ஏறாது. 14 வயதுப் பையனை இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன்படிதான் நடத்த முடியும். லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. தமிழ்நாட்டில் ராகிங்குக்கு எதிராக 1997-லிருந்து தனிச் சட்டமும் இருக்கிறது. அந்தப் பையனைப் பெற்றவர்கள் புகார் கொடுக்க நினைத்தால் அது அவர்கள் உரிமை, அதைத் தடுக்கப் பார்க்காதீர்கள். ஆனால் பிழைக்க வந்த குடும்பங்கள் பெரும்பாலும் ஸ்டேஷன் படி ஏறுவதில்லை. பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள். அப்புறம் அவன் ஏதாவது ஒரு பட்டறையில் சித்தாளாக நிற்பான். எனக்கு அதுதான் கவலை. நாலு நாள் என்பது எட்டு நாள் ஆவதற்குள் அவன் வகுப்புக்குத் திரும்பி வந்தாக வேண்டும். உங்கள் மகன் திருந்துவது இரண்டாவது வேலை. கோபித்துக்கொள்ளாதீர்கள், எழுதியது நீங்கள்தான், ஆனாலும் வரிசை அப்படித்தான்.

இனி, ஏன் செய்தான் என்ற கேள்வி.

உங்கள் மகனுக்குப் பீகார் மேல் வெறுப்பு என்று நான் நம்பவில்லை. இந்தியப் படத்தைக் கையில் கொடுத்தால் பீகார் எங்கே இருக்கிறது என்று காட்டத் தெரியுமா என்பதே சந்தேகம். பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்கிற இந்த வேலையில் இருக்கிற இத்தனை வருஷத்தில், இப்படி மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்த பையன்களில் நிஜமாகவே வெறுப்பு இருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் எல்லோரிடமும் இருந்தது ஒன்றுதான், அதற்கு அவர்களே வைத்திருக்கிற சொல் 'கெத்து'. ஒன்பதாவது வகுப்பு என்பது ஒரு பெரிய மார்க்கெட். யார் மேலே, யார் கீழே என்று தினமும் விலை போடுகிறார்கள். நன்றாகப் படிப்பவனுக்கு ஒரு விலை, பந்து ஆடுகிறவனுக்கு ஒரு விலை, புது போன் வைத்திருப்பவனுக்கு ஒரு விலை. இது எதுவும் இல்லாதவன் என்ன செய்வான்? தனக்குக் கீழே ஒருத்தனை நிறுத்திக் காட்டுவான். அந்த ஒருத்தன் யாராகவும் இருக்கலாம். குண்டாக இருப்பவன், திக்குவாய், சொட்டு நீலம் போட்ட பழைய சட்டைக்காரன். அந்த வகுப்பில் கைக்குச் சுலபமாக அகப்பட்டவன் பீகாரிலிருந்து வந்தவன். திருப்பி அடிக்க அவனுக்கு அண்ணன் தம்பி இல்லை, தெருப் பையன்கள் இல்லை, சட்டென்று பதில் கொடுக்கத் தமிழும் இல்லை.

"தமிழ் தெரியலை, அதனாலதான் மேடம்" என்று ஆசிரியர்களே என்னிடம் சொல்வதுண்டு. அப்படியென்றால் புழல் காவாங்கரை முகாமிலிருந்து வருகிற ஈழத்துப் பிள்ளைகளை ஒருத்தரும் தொட்டிருக்கக் கூடாது. அவர்கள் தமிழ் நம்முடையதைவிடச் சுத்தம். அந்தப் பிள்ளைகளையும் 'அகதி' என்று கூப்பிட்டு அழவைத்த கதைகளை இதே காதால் கேட்டிருக்கிறேன். பாஷை ஒரு சாக்கு.

உங்கள் கணவர் சொன்ன 'வெளையாட்டு' என்ற சொல்லையும் பார்த்துவிடலாம். நார்வேயில் டான் ஓல்வியஸ் என்று ஒரு உளவியலாளர் இருந்தார். பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் வதைப்பதை 1970-களிலேயே முறையாக ஆராயத் தொடங்கியவர். எது கிண்டல், எது வதை என்று பிரிக்க அவர் வைத்த அளவுகோல் சுலபமானது: திரும்பத் திரும்ப நடக்கிறதா, வேண்டுமென்றே நடக்கிறதா, பட்டுக்கொள்கிறவன் திருப்பிக் கொடுக்க முடியாத இடத்தில் இருக்கிறானா. நம்ம ஊர்க் கணக்கில் இன்னும் சுருக்கமாகச் சொல்லலாம். விளையாட்டென்றால் முறை மாறும். கில்லி ஆடினாலும் இன்றைக்கு நீ, நாளைக்கு நான். ஆறு மாதம் ஒரே பையன்தான் பெஞ்சு மேல் நின்றான் என்றால் அதற்குப் பெயர் வேறு. இதை உங்கள் கணவரிடம் இந்த வார்த்தைகளிலேயே சொல்லிப் பாருங்கள். யார்டில் வேலை பார்த்தவருக்கு முறை என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும்.

வீட்டில் குடம் தூக்குகிற பையன் வகுப்பில் ஏன் அப்படி மாறினான் என்பதற்கு ஒரு பதில் அந்த வயதிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இருவர் 2005-இல் ஒரு பரிசோதனை செய்தார்கள். கம்ப்யூட்டரில் கார் ஓட்டுகிற விளையாட்டு. சிக்னல் மஞ்சளாகிறது, நிறுத்தலாம் அல்லது பாய்ந்துவிடலாம். தனியாக ஆடியபோது பதின்வயதுப் பிள்ளைகள் ஓரளவு ஜாக்கிரதையாகத்தான் ஓட்டினார்கள். இரண்டு சிநேகிதர்களைக் கூட வைத்து ஆடவிட்ட பிள்ளைகளோ பாய்ந்தார்கள். பெரியவர்களிடம் அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரே பைக்கில் மூன்று பேர் போவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பரிசோதனையே தேவையில்லை. ஆனால் விஷயம் அதுதான். உங்கள் மகன் தனியாக இருந்தபோது அந்தப் பையனை ஒரு நாளாவது சீண்டியிருக்கிறானா என்று எச்.எம்.மிடம் கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது. தனியாகவும் சீண்டியிருந்தால், அழுகிறவனைப் பார்த்து அவனுக்கு உள்ளூரச் சந்தோஷம் வருகிறது என்று தோன்றினால், நாய் பூனையை வதைக்கிற பழக்கமும் இருந்தால், தள்ளிப்போடாமல் அவனை நேரில் கூட்டி வாருங்கள். அது வேறு விதமாகப் பார்க்க வேண்டியது.

நாலு பேர் பார்க்கவில்லையென்றால் அந்த வீடியோவே இல்லை. கனடாவில் டொரான்டோ பள்ளி மைதானங்களில் கேமரா வைத்துப் பார்த்து 2001-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. வதை நடந்த 100 சம்பவங்களில் 88-இல் சக பிள்ளைகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாராவது குறுக்கே போனது 19-இல்தான். அப்படிக் குறுக்கே போனபோதோ, பாதிக்கு மேல் பத்தே விநாடியில் நின்றுவிட்டது. பத்து விநாடி! "டேய் விட்றா, போதும்" என்று சொல்லி முடிக்கிற நேரம். உங்கள் மகனோடு சேர்ந்து ஐந்து பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். வகுப்பில் மீதம் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருத்தன்கூட அந்தப் பத்து விநாடியைச் செலவழிக்கவில்லை. எச்.எம். ஐந்து பெற்றோரை மட்டும் கூப்பிட்டிருக்கிறார். என்னைக் கேட்டால் அந்த நாற்பது பேரோடுதான் முதலில் பேசியிருக்க வேண்டும்.

இனி கொஞ்சம் என் கதை.

நான் பிறந்து வளர்ந்தது தண்டையார்பேட்டை. கல்லூரிக்கு அடையாறு தாண்டிப் போக வேண்டியிருந்தது. முதல் நாள் எல்லோரும் எழுந்து பெயர், ஊர் சொன்னார்கள். நான் தண்டையார்பேட்டை என்றதும் பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "ஐயையோ, பர்ஸை எல்லாம் உள்ள வைங்கடி" என்றாள். வகுப்பே சிரித்தது. பாடம் எடுக்க வந்தவரும் சிரித்தார். அன்று சாயங்காலம் பஸ்ஸில் ராயபுரம் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். இதைச் சொன்னால் எல்லோரும் என்னைப் பாவம் என்பார்கள். அடுத்த வாரம் நடந்ததை நான் சொல்வதில்லை, இன்றைக்குச் சொல்கிறேன். ஹாஸ்டலில் தங்கிப் படித்த கோபிச்செட்டிபாளையம் பக்கத்துப் பெண் ஒருத்தி கல்லூரியில் இருந்தாள், எதற்கெடுத்தாலும் "ஏனுங்க" என்பாள். அவள் வாயைத் திறந்தால் முதலில் சிரிப்பது நான்தான். அவளை மாதிரியே பேசிக் காட்டுவேன். அருமையாக வரும் எனக்கு. ஒரே மாதத்தில் தண்டையார்பேட்டையை எல்லோரும் மறந்துவிட்டார்கள். சிரிப்பு என்னைவிட்டு நகர்ந்து அவள் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. அவள் முதல் வருஷம் முடிந்ததும் வேறு கல்லூரிக்குப் போய்விட்டாள்.

வடசென்னைப் பையன்களை இந்தக் கண்ணால் பார்த்தால்தான் எனக்குப் பிடி கிடைக்கிறது. வேலைக்கு விண்ணப்பம் போடும்போது முகவரியில் வியாசர்பாடி என்று எழுதத் தயங்கி அத்தை வீட்டு விலாசத்தைக் கொடுக்கிற பையன்களை எனக்குத் தெரியும். எண்ணூர் என்றால் ரவுடி ஏரியா, சாம்பல், நாற்றம் என்று ஊரே சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்கள். தன்னைப் பார்த்துச் சிரித்த ஊருக்கு முன்னால், "நான் கடைசி ஆள் இல்லை, எனக்குப் பின்னால் இன்னொருத்தன் நிற்கிறான்" என்று காட்டுவதில் ஒரு நிம்மதி இருக்கிறது. அசிங்கமான நிம்மதிதான். அனுபவித்துச் சொல்கிறேன்.

அந்த வீடியோவில் உங்கள் மகன் சொன்ன வார்த்தையை இன்னொரு தடவை படியுங்கள். "வாயப்பயம்கூட சொல்லத் தெர்ல பார்றா." ழகரம் வராத பையனைக் கிண்டல் பண்ணுகிறவனுக்கு ழகரம் வரவில்லை! மழை நமக்கு மய, கிழவி நமக்குக் கெய்வி. மதுரைக்காரர்களும் மயிலாப்பூர்க்காரர்களும் நம்மைக் கேலி பண்ண ஆரம்பித்தால் முதலில் கையில் எடுக்கிற பழம் அதுதான். நான் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். ஆனால் இதை வைத்து மகனை மடக்கலாம் என்று நினைக்காதீர்கள். "மொதல்ல உனக்கு வருதாடா" என்று கேட்டால் அவனை நீங்கள் பெஞ்சு மேல் ஏற்றுகிறீர்கள் என்று அர்த்தம். கொஞ்ச நாள் போகட்டும். அவனும் அந்தப் பையனும் சேர்ந்து இதைச் சொல்லிச் சிரிக்கிற நாள் வந்தால், அன்றைக்கு நீங்களும் சிரிக்கலாம்.

இப்போது உங்களுக்குக் கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். கெத்து ஆசை அவனுடையது, பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் வகுப்புடையது. 'இவனை என்ன வேண்டுமானாலும் செய்யலாம்' என்கிற அனுமதி மட்டும் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில் கிடைத்திருக்கிறது. இரண்டு வருஷமாக, சோறு பிசைகிற நேரத்தில், "நம்ம வேலைய எல்லாம் இவனுங்கதான் புடுங்கினானுங்க" என்று அவன் கேட்டு வளர்கிறான். அப்பாவின் அவமானத்தை நேரில் பார்த்த பையன் அவன். அப்பாவுக்காக அவனால் காண்ட்ராக்டரை ஒன்றும் செய்ய முடியாது, காண்ட்ராக்டர் காரில் போகிறவர். மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவன் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிறான்.

உங்கள் கணவரின் கோபம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். வேலை போனது நிஜம். விலாசம்தான் தப்பு. வெளிமாநிலத்திலிருந்து கூட்டி வருகிற தொழிலாளிக்கு, அதே வேலை செய்கிற உள்ளூர்க்காரருக்குக் கொடுப்பதைவிடக் குறைத்துக் கூலி கொடுக்கக் கூடாது என்று 1979-லேயே சட்டம் போட்டார்கள். மணலி யார்டில் அதை ஒழுங்காகப் பார்த்திருந்தால் உங்கள் கணவரை நிறுத்தி இன்னொருத்தரை வைப்பதில் காண்ட்ராக்டருக்கு என்ன லாபம்? இரண்டு பேர் கூலியிலிருந்தும் எடுத்த பணம் ஒரே பையில்தான் போயிருக்கிறது. அந்தப் பையனின் அப்பா அந்தப் பையைப் பார்த்திருக்கக்கூட மாட்டார்.

சில பையன்கள் இதற்குக் கொள்கைச் சாயமும் பூசுவார்கள். "ஹிந்திக்காரனை விரட்டணும், அதுதான் தமிழ்ப்பற்று" என்று ஒருத்தன் என்னிடமே சொன்னான். அவனை மூலக்கொத்தளத்துக்குப் போய்ப் பார்க்கச் சொன்னேன். தாளமுத்து, நடராசன் நினைவிடம் நம் வடசென்னையில் அங்கேதான் இருக்கிறது. 1938-இல் பள்ளிகளில் ஹிந்தியைக் கட்டாயமாக்கிய அரசை எதிர்த்துச் சிறைக்குப் போய், 1939-இல் உயிரை விட்டவர்கள். அவர்கள் எதிர்த்தது ஆட்சியில் இருந்தவர்களை. பக்கத்து பெஞ்சுப் பையனின் செருப்பை ஒளித்து வைத்துவிட்டு அவர்கள் பெயரைச் சொல்லக் கூடாது. இன்னொன்று, பீகாரிலிருந்து வருகிற பிள்ளைகள் பலர் வீட்டில் பேசுவது போஜ்புரி, மைதிலி, மகஹி. ஹிந்தியே அவர்களுக்குப் பள்ளியில் வந்த பாஷை. இங்கே வந்து, 2006-ஆம் ஆண்டு தமிழ் கற்றல் சட்டத்தால், பொதுவாகப் பத்தாவதில் தமிழ்த் தாள் எழுதியாக வேண்டும். கூடவே ஆங்கிலம். ஆக, அந்தப் பையன் நாலாவது பாஷையில் தடுமாறிக்கொண்டிருந்தபோதுதான் வீடியோ எடுத்திருக்கிறார்கள்.

சரி, என்ன செய்வது?

துடைப்பக்கட்டையை மூலையில் வையுங்கள். பலமுள்ளவன் பலமில்லாதவனை அடிக்கலாம் என்ற பாடம் அவனுக்கு ஏற்கெனவே தெரியும், இன்னொரு தடவை நடத்த வேண்டாம். அதே நேரம் "என் பையன் சேர்க்கை சரியில்லை" என்று மற்ற நாலு பேர் மேல் தள்ளிவிடவும் வேண்டாம். சிரித்த குரல் அவனுடையது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அந்த நேர்மை பெரிய விஷயம். அதைப் பிடித்துக்கொண்டு போங்கள்.

வீடியோவை முதலில் அழிக்க வேண்டும். அவன் போனில் மட்டும் அழித்தால் போதாது. யார் யாருக்குப் போயிருக்கிறதோ அவர்கள் ஒவ்வொருவரிடமும் அவனே போய் அழிக்கச் சொல்ல வேண்டும். கெஞ்ச வேண்டியிருக்கும், இரண்டு பேர் கிண்டல் பண்ணுவார்கள். பண்ணட்டும். நான் கொடுக்கச் சொல்லும் தண்டனை இது ஒன்றுதான். பதிலுக்கு 'மன்னிப்பு வீடியோ' எடுத்துப் போடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். காலையில் பிரேயரில் எல்லோர் முன்னாலும் கைகுலுக்க வைக்கிற நாடகமும் வேண்டாம். அந்தப் பையனைக் கேட்காமல் அவனை இன்னொரு முறை மேடை ஏற்றுவது அது.

உங்கள் மாமியாரைப் பற்றி. பர்மாவில் 1962-இல் ராணுவ ஆட்சி வந்தது, கடைகளை எல்லாம் அரசே எடுத்துக்கொண்டது, 1964-இல் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்றார்கள். லட்சக்கணக்கில் நம் ஆட்கள் கிளம்பி வந்தார்கள். உங்கள் எர்ணாவூரில் பர்மா நகர் இருப்பது அதனால்தான், பாரிமுனைப் பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்பதும் அதனால்தான். "நாமளே அப்படி வந்தவங்கதான்டா" என்று நீங்கள் பாடம் நடத்தினால் பையன் காதில் இயர்போனைச் செருகிக்கொள்வான். நீங்கள் சொல்லாதீர்கள். ஆயா மாத்திரை சாப்பிடுகிற நேரத்தில், இங்கே பள்ளியில் சேர்ந்த முதல் நாள் எப்படி இருந்தது என்று அவரிடம் கேட்டுவிட்டு, அடுப்படிக்குப் போய்விடுங்கள். வியாசர்பாடியில் அப்படி வந்த ஒரு பாட்டி என்னிடம் பேசியிருக்கிறார். 'பர்மாக்காரி' என்று சடையைப் பிடித்து இழுத்தவனின் பெயரை, அவன் அப்பா பெயரோடு, எந்தத் தெரு என்பதோடு சொன்னார். அறுபது வருஷம் ஆகியிருந்தது. இழுத்தவனுக்குப் பாட்டியின் பெயர் அன்றைக்கே தெரிந்திருக்காது.

உங்கள் கணவரிடம் பெரிய மாற்றம் எதுவும் கேட்காதீர்கள். கோபத்தைச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் இறக்கி வைக்கட்டும், அல்லது காண்ட்ராக்டரைப் பெயர் சொல்லித் திட்டட்டும். 'இவனுங்க' என்ற ஒரு சொல்லை மட்டும் வீட்டில் நிறுத்தினால் போதும், இந்த மாதத்துக்கு.

பள்ளிக்கு நீங்கள் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தால் நட்பாகிவிடுவார்கள் என்று ஆசிரியர்கள் நினைப்பார்கள். ஆக மாட்டார்கள், கிள்ளுவதற்கு வசதியாகத்தான் ஆகும். அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்தில் 1971-இல் கறுப்பு, வெள்ளை, மெக்சிகோ வம்சப் பிள்ளைகளை முதன்முதலாக ஒரே வகுப்பில் சேர்த்தபோது தினமும் சண்டை. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளரைக் கூப்பிட்டார்கள். அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. பாடத்தை ஆறு துண்டாக வெட்டி, ஆறு பேர் குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். மற்ற ஐந்து துண்டையும் கூட இருப்பவர்கள் வாயிலிருந்துதான் தெரிந்துகொள்ள முடியும், பரீட்சை மொத்தப் பாடத்திலும். ஆங்கிலம் சரியாக வராத ஒரு பையன் திக்கித் திணறியபோது மற்றவர்கள் சிரித்தார்கள். மேற்பார்வை பார்த்தவர், "சிரிக்கலாம், ஆனால் அவனிடம் இருக்கிறது உங்களுக்குத் தெரியாது, கொஞ்ச நேரத்தில் பரீட்சை" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார். கொஞ்ச நாளில் அவனிடம் பொறுமையாகக் கேட்டு வாங்கப் பழகிக்கொண்டார்கள். அவனுக்கும் வாய் திறந்தது. வியாசர்பாடி மைதானங்களில் இதையே யாரும் சொல்லிக்கொடுக்காமல் பார்க்கிறேன். ஒடிசாப் பையன் ஒருத்தன் கோல் போஸ்டில் நின்று இரண்டு பந்தைத் தடுத்தான், மூன்றாவது பந்துக்குள் அவனுக்குச் செல்லப்பெயரே வைத்துவிட்டார்கள். தமிழ் மிஸ்ஸிடம் இதையும் சொல்லுங்கள்: கொஞ்ச நாளைக்கு அந்தப் பையனை எழுப்பிச் சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டாம்.

பள்ளி கையை விரித்தால் 14417 கல்வித் துறையின் உதவி எண், 1098 குழந்தைகளுக்கான எண். அந்தப் பையனுக்கோ அவன் அம்மாவுக்கோ பேச ஆள் தேவைப்பட்டால் 14416, டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண். இலவசம், ஹிந்தியிலும் பேசுவார்கள்.

வளர்ப்பு தப்பா என்று கேட்டிருந்தீர்கள். மகன் மாட்டிக்கொண்டதும் பெரும்பாலான அம்மாக்கள் எனக்கு எழுதுவது, "அந்தப் பையனாலதான் என் பையனுக்குப் பிரச்சினை" என்று. நீங்கள் அப்படி எழுதவில்லை.

கடைசியாக, அவர்கள் வீட்டுக்குப் போவது. எச்.எம்.மிடம் சொல்லி, அவர்களுக்குச் சம்மதமா என்று கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை போங்கள். முதல் தடவை மகன் வேண்டாம், நீங்கள் மட்டும். கேஸ் போடாதீர்கள் என்று கேட்கவும் வேண்டாம். பெரும்பாலும் ஒரே அறைதான் இருக்கும், ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். உங்களுக்கு ஹிந்தி வராது, அந்த அம்மாவுக்குத் தமிழ் வராது. நடுவில் அந்தப் பையன்தான் இரண்டு பேருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கும். அவசரப்படுத்தாதீர்கள், அவனுக்கு வருகிற வேகத்தில் சொல்லட்டும். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். டீ கொடுப்பார்கள், பாலும் சர்க்கரையும் தூக்கலாக இருக்கும். மிச்சம் வைக்காமல் குடித்துவிடுங்கள்.